மலை ஏறுமுன் டயரைப் பாருங்கள்!

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் ஹனூரைத் தாண்டி வரும் ஊர் கௌதள்ளி. அதற்கு மேல் தாளபெட்டா. அங்கிருந்து காடும், ஏற்றமும், வளைவுகளும்தான். மலையின் மறுபக்கம் இறங்கினால் பாலாறு. அதைத் தாண்டினால் மேட்டூர். மைசூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வேலை பார்க்கும் சேலம், தர்மபுரி பக்கத்து அன்பர்களுக்கு இது சாமி கும்பிடப் போகும் வழி மட்டும் அல்ல. சொந்த ஊருக்குப் போகும் வழியும்கூட.

இந்த வட்டாரம் நமக்கு அந்நியமானதும் அல்ல. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. ஆனாலும் பழைய ஆட்கள் இன்றும் "மைசூர் ஜில்லா" என்றே சொல்வார்கள்.

அமாவாசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் இந்தச் சாலையில் வண்டிகளின் வரிசை நீளும். அப்போது அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. சாலை ஓரத்து மண்ணில் ஒரு கார் சாய்ந்து நிற்கும். ஜாக்கியின் அடிப்பாகம் மண்ணில் புதைந்திருக்கும். வண்டிக்குச் சொந்தக்காரர் ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருப்பார். வீட்டார் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். ஜாக்கி ஒரு விரற்கடை நகர்ந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் யோசிப்பதாகத் தெரியாது.

இந்த அவதியில் பெரும் பகுதியை வீட்டு வாசலிலேயே தவிர்த்துவிடலாம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதும், சில கருவிகளும், கொஞ்சம் நிதானமும் போதும்.

ஏன் இடம் மாற்ற வேண்டும்?

சைக்கிளில் வேலைக்குப் போனவர் ஸ்கூட்டர் வாங்கினார். ஸ்கூட்டர் வைத்திருந்தவர் இப்போது கடன் வாங்கியாவது ஒரு பழைய காரை வாசலில் நிறுத்தியிருக்கிறார். மாதத் தவணை கட்டும் குடும்பத்துக்கு நாலு டயரையும் ஒரே சமயத்தில் மாற்றுவது என்பது சாதாரணச் செலவு அல்ல. ஆகவே இருக்கிற டயர்கள் சமமாகத் தேய்ந்து, முழு ஆயுளும் உழைக்க வேண்டும்.

ஆனால் நாலு டயர்களும் ஒரே மாதிரி தேய்வதில்லை. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. என்ஜினின் பாரம் முன்னால். வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக் அடிக்கும்போது பெரும் பாரத்தைத் தாங்குவது எல்லாமே முன் டயர்கள். பின் டயர்கள் கூடவே உருண்டு வருகின்றன, அவ்வளவுதான். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு முன் டயரின் தோள் பகுதி இன்னும் அதிகமாகத் தேயும். இப்படியே விட்டால் பின் டயர் பாதி ஆயுளில் இருக்கும்போதே முன் டயர் வழுக்கையாகிவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றச் சொல்கிறார்கள். டயர் கடை பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுத்துச் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் நாமே செய்தால் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு டயரையும் கையில் எடுத்து, சுற்றிப் பார்த்து, உள்பக்கத்தில் இருக்கும் வெட்டையும் வீக்கத்தையும் கண்டுபிடிக்கிறோம். காரின் மேல் மாட்டியிருக்கும்போது அந்தப் பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

முதல் கருவி ஜாக்கி. காரோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. சமதரையில், கவனமாக, ஒரு சக்கரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. ஜாக்கியின் வேலை தூக்குவது. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. மாருதி 800 போன்ற மிகச் சிறிய காரே சுமார் 650 கிலோ எடை. அதில் ஒரு மூலை மனிதன் மேல் இறங்கினாலும் உயிர் மிஞ்சாது.

அதனால் இரண்டாவது கருவி இரும்பு ஸ்டாண்டு. மூன்று கால், நான்கு கால் கொண்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி ஜோடியாகக் கிடைக்கிறது. ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டைக் கொடுத்து, பாரத்தை அதன் மேல் மெதுவாக இறக்க வேண்டும். எந்த இடத்தில் கொடுப்பது என்பது காரோடு வந்த புத்தகத்தில் படத்துடன் போட்டிருக்கும். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக், பழைய ரிம் ஆகியவற்றை அடுக்குகிறவர்கள் உண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரம் தாளாமல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இந்தச் சிக்கனம் வேண்டாம்.

மூன்றாவது, கட்டை. நாமக்கல், சங்ககிரி லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஏற்றத்தில் வண்டி நின்றதும் கிளீனர் குதித்து இறங்குவது கையில் கட்டையோடுதான். அந்தப் பழக்கம் கார்க்காரருக்கும் வேண்டும். கைபிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும், இழுக்கும் சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்பியதும் கியரின் பிடி போய்விடும். ஆகவே எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறோமோ அதற்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முக்கோணமாக அறுத்த மரத்துண்டு இரண்டு போதும்.

நான்காவது, ஸ்பானர். காரோடு வரும் எல் வடிவ ஸ்பானரைவிடக் கூட்டல் குறி போன்ற கிராஸ் ஸ்பானர் நல்லது. இரண்டு கையாலும் சமமாகப் பிடித்துத் திருப்பலாம். நட்டின் மூலை மழுங்காது.

ஐந்தாவது, காற்று அளக்கும் கேஜ். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு பவுண்டு காற்று குறிப்பிட்டிருக்கும் கார்கள் பல. டயர் இடம் மாறியதும் காற்றையும் புதிய இடத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும்.

ஆறாவது, முறுக்குவிசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சு. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இவற்றோடு ஒரு கம்பி பிரஷ், ஒரு சாக்பீஸ், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகை, ஒரு ஜோடி கையுறை. பட்டியல் இவ்வளவுதான்.

ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் விலை கூடியவை ஆயிற்றே என்று தோன்றலாம். வருஷத்தில் இரண்டு முறை மட்டுமே வேலைக்கு வரும் சாமான்களை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரே குவார்ட்டர்ஸில், ஒரே தெருவில் இருக்கும் நாலு பேர் கூட்டாக வாங்கி ஒரு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் அல்ல.

எந்த டயர் எங்கே?

முன்சக்கர இழுப்புக் கார்களில் முன் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போக வேண்டும். பின் டயர்கள் இரண்டும் பக்கம் மாறி முன்னால் வர வேண்டும். அதாவது பின் இடது டயர் முன் வலதுக்கும், பின் வலது டயர் முன் இடதுக்கும் வரும்.

அம்பாசடர், பழைய பியட், ஆம்னி, ஈகோ, பொலிரோ போன்றவை பின்சக்கரங்களால் தள்ளப்படுபவை. அவற்றுக்கு இதன் தலைகீழ். பின் டயர்கள் நேராக முன்னால் வரும். முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னால் போகும்.

டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த டயர் ஒரே திசையில் மட்டுமே சுழல வேண்டியது. அதைப் பக்கம் மாற்றக் கூடாது. அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்றலாம். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் உள்ள வண்டிகளுக்கு முன்பின் மாற்றமே கிடையாது.

"ரேடியல் டயரைப் பக்கம் மாற்றவே கூடாது" என்று சில மூத்த மெக்கானிக்குகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் 1977-ல் ஜே.கே. நிறுவனம் கார்களுக்கான ரேடியல் டயரைக் கொண்டுவந்த காலத்தில் உலகெங்கும் அப்படித்தான் அறிவுரை இருந்தது. பிறகு டயர்களின் அமைப்பு மேம்பட்டது. இன்று அம்புக்குறி இல்லாத ரேடியலைத் தாராளமாகப் பக்கம் மாற்றலாம்.

டயர் தொழிலும் நமக்குத் தூரத்துச் சமாசாரம் அல்ல. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய தொழில்தான் பின்னர் எம்.ஆர்.எப். ஆயிற்று. மைசூரில் தோன்றிய விக்ராந்த் டயர் தொழிற்சாலை 1997-ல் ஜே.கே. நிறுவனத்தின் கைக்கு மாறியது. சாலையில் உருளும் டயரில் நம் ஊர்க்காரர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்டெப்னியும்

நாலு டயர்களையும் ஒரே சமயத்தில் கழற்றினால்தான் இடம் மாற்ற முடியும் என்று நினைத்து அநேகர் பின்வாங்குகிறார்கள். அது அவசியமே இல்லை. ஸ்டெப்னி ஒன்று இருந்தால், எந்த நேரத்திலும் ஒரே ஒரு சக்கரம் மட்டும் கழன்றிருக்கும்படி வேலையை முடிக்கலாம். ஜாக்கி ஒன்று போதும். ஸ்டாண்டும் ஒன்று போதும்.

முன்சக்கர இழுப்புக் காருக்கு முறை இது. முதலில் சாக்பீஸால் ஒவ்வொரு டயரிலும் அது இப்போது இருக்கும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். முன் இடது டயரைக் கழற்றி, அங்கே தற்காலிகமாக ஸ்டெப்னியை மாட்டுங்கள். கழற்றிய டயரைப் பின் இடதில் மாட்டுங்கள். அங்கிருந்து வந்த டயர் முன் வலதுக்கு. அங்கிருந்து வந்தது பின் வலதுக்கு. அங்கிருந்து வந்தது முன் இடதுக்கு. ஸ்டெப்னி மறுபடியும் டிக்கிக்கு. ஐந்து முறை தூக்கி இறக்கினால் வேலை முடிந்தது. பின்சக்கர வண்டிக்கு இதே சுற்றை எதிர்த்திசையில் செய்ய வேண்டும்.

ஸ்டெப்னியும் மற்ற டயர்களின் அதே அளவும் ரகமுமாக இருந்தால், அதையும் சுற்றில் சேர்க்கலாம். முன்சக்கர இழுப்புக் காரில் ஸ்டெப்னியைப் பின் வலதில் நிரந்தரமாக மாட்டுங்கள். பின் வலது டயர் முன் இடதுக்கும், முன் இடது பின் இடதுக்கும், பின் இடது முன் வலதுக்கும் போகும். முன் வலது டயர் டிக்கிக்குள் ஓய்வெடுக்கும். இதற்கு நாலு முறை தூக்கினால் போதும். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னி சிறிய அளவில் வருகிறது. அதைச் சுற்றில் சேர்க்கவே கூடாது.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கம்பெனி 1904-ல் கார்களுக்கு உபரிச் சக்கரம் செய்து விற்றது. கம்பெனி மறைந்துவிட்டது. அந்தத் தெருவின் பெயர் மட்டும் நம் டிக்கிக்குள் இன்றும் இருக்கிறது.

எவ்வளவு முறுக்குவது?

நட்டுகளைக் கழற்றுவதில் ஒரு வரிசை உண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். பிறகுதான் தூக்க வேண்டும். தூக்கிய பின் பலம் கொடுத்து இழுத்தால் கார் ஜாக்கியை விட்டு நழுவும். வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவும் கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் அது பொருந்தும் இரும்புத் தட்டில் உள்ள துருவையும் மண்ணையும் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். நடுவில் துரு இருந்தால் ரிம் ஒட்டி உட்காராது. வண்டி ஓட ஓட அந்தத் துரு உதிர்ந்து நட்டு தளர்ந்துவிடும். மறைகளில் கிரீஸ் பூசாதீர்கள். வழுக்கலில் நட்டு அளவுக்கு மேல் ஏறி போல்ட்டை இழுத்துவிடும்.

மாட்டும்போது நட்டின் சரிந்த முனை உள்பக்கம் இருக்க வேண்டும். எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். பிறகு ஸ்பானரால் எதிரெதிராக முறுக்குங்கள். நாலு நட்டானால் ஒன்றுக்கு எதிரே உள்ளது அடுத்தது. ஐந்தானால் ஒன்று விட்டு ஒன்று. காரைத் தரையில் இறக்கிய பிறகே கடைசி முறுக்கு.

அந்தக் கடைசி முறுக்கில்தான் தவறு நேர்கிறது. பல சிறிய கார்களுக்கு 8 முதல் 11 கிலோகிராம்-மீட்டர் வரை போதும். உங்கள் காருக்கான சரியான எண் புத்தகத்தில் இருக்கும். 10 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பானரின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனியில் சுமார் 33 கிலோ அழுத்தம் கொடுத்தால் சரி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஸ்பானர் மேல் ஏறி நின்றால் 21 ஆகிவிடுகிறது. இரண்டு மடங்குக்கு மேல்! போல்ட் நீண்டு பலம் இழக்கும். அல்லது மறை அறுந்துபோகும். மறுபடி ஒரு நாள் நடுவழியில் பஞ்சரானால் அந்த நட்டை யாராலும் கழற்ற முடியாது.

டார்க் ரெஞ்சின் உபயோகம் இங்கேதான். தேவையான எண்ணை அதில் வைத்துத் திருப்பினால், அந்த அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் கொடுக்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும். சில ரெஞ்சுகளில் அளவு நியூட்டன்-மீட்டரில் இருக்கும். அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோகிராம்-மீட்டர் கிடைத்துவிடும்.

டயர் பேசும் பாஷை

டயர் கையில் இருக்கும்போதே அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் தவறு. அங்கங்கே குழிக் குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். இந்தக் குறைகளைச் சரி செய்யாமல் டயரை மட்டும் இடம் மாற்றினால் நல்ல டயரும் கெட்டுப்போகும்.

பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் குறுக்கே இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். சட்டப்படியும் அதுதான் எல்லை. அதற்குப் பிறகு இடம் மாற்றுவதில் பயன் இல்லை; டயரையே மாற்ற வேண்டும். மழையில் நனைந்த மலைச் சாலைக்கு அந்த எல்லை வரையில் காத்திருப்பதுகூட நல்லதல்ல.

பழைய கார் வாங்குகிறவர்கள் டயரின் வயதையும் பார்க்கலாம். பக்கச் சுவரில் ஒரு கட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயரை நம்பக் கூடாது.

கௌதள்ளியில் ஐந்து நிமிஷம்

எல்லாம் முடிந்தபின் மீதி இருப்பது ஒரே ஒரு வேலை. அதைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள். டயர் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். ஓட்டத்தில் ரிம் நன்றாக உட்கார்ந்து, முறுக்கு சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும்.

முந்தின நாள் டயர் மாற்றிவிட்டு மறுநாள் காலை மைசூரிலிருந்து புறப்படுகிறவருக்கு இந்தத் தூரம் கொள்ளேகாலிலேயே வந்துவிடும். அங்கே டீ குடிக்க நிறுத்தும்போது ரெஞ்சை எடுத்து நட்டுகளைத் தொட்டுப் பார்க்கலாம். அங்கே மறந்தால் கௌதள்ளியில் நிச்சயம் நிறுத்துங்கள். வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி, கெட்டித் தரையில் நிறுத்தி, நாலு சக்கரத்தையும் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. தாளபெட்டாவுக்கு மேல் ஏற ஆரம்பித்துவிட்டால் நிறுத்த இடம் தேடுவதே கஷ்டம். ஸ்டீயரிங்கில் நடுக்கமோ, சக்கரத்தில் "கடகட" சத்தமோ கேட்டால் "மலை மேல் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாதீர்கள்.

மலைப்பாதையில் பஞ்சரே ஆகிவிட்டால் முதலில் குடும்பத்தாரை இறக்கிச் சாலைக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியும்படி எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள். கட்டை இல்லாவிட்டால் கல்லையாவது கொடுங்கள். ஆனால் புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போக மறக்காதீர்கள். நமக்குப் பாதுகாப்பாக இருந்த கல்லே, இருட்டில் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் இன்னொரு பக்தனைக் கீழே தள்ளிவிடும்.

சாமான்களில் எதை வாங்குவது, எதை விடுவது என்று கையில் இருக்கும் பணத்தைப் பார்த்து யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் கட்டையும் ஸ்டாண்டும் வாங்குங்கள். மற்றவற்றைச் சம்பளத்துக்குச் சம்பளம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். டயரை மிச்சப்படுத்தப் போய் ஆளை இழந்தால் அது சிக்கனம் ஆகாது.